சாத்தனூருக்குக் கண்ணாடிப் பாலம் வேணுமாம்!

"கோயிலை விட்டா உங்க ஊர்ல வேற என்னம்மா இருக்கு?"

கேட்டது எங்க அக்கா வீட்டுக்காரர். கோயம்புத்தூர் மாமா. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வந்தவர். பதினாலு கிலோமீட்டரும் நடந்துட்டு வந்து, வெந்நீர் வாளியில காலை விட்டுகிட்டு, மூணு தோசை முடிஞ்சு நாலாவது தோசைக்குச் சட்னி ஊத்தும்போது கேட்டார்.

வந்திருக்கறது விருந்தாளி. அதுவும் மாமா. சும்மா சிரிச்சு வெச்சிருக்கலாம். (வெச்சிருந்தா இந்தப் பதிவு ஏது?)

"ஏன் மாமா இல்லாம? சாத்தனூர் டேம் இருக்கே!"

"அது இன்னும் இருக்கா?"

அவ்வளவுதான். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பஞ்சாயத்து ஓடிச்சு. தோசை மாவு தீர்ந்துச்சு, விஷயம் தீரல.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சாத்தனூர் அணை திருவண்ணாமலையிலேர்ந்து தண்டராம்பட்டு வழியா முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. தென்பெண்ணை ஆறு கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, ஓசூர், கிருஷ்ணகிரியெல்லாம் தாண்டி இறங்கி வருது. அதை இங்க மலைகளுக்கு நடுவுல மறிச்சுக் கட்டினாங்க. 1958ல கட்டி முடிச்சப்ப காமராஜர் முதலமைச்சர். முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. (இந்த 119 எங்க மாவட்டத்துல எல்லாருக்கும் மனப்பாடம். மழை ஆரம்பிச்சா சொந்தக்காரங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி டேம் எத்தனை அடின்னு கேப்போம்.)

அணைக்குக் கீழ பூங்கா. சிலைங்க, நீரூற்று, நீச்சல் குளம், முதலைப் பண்ணை. அப்புறம் வறுத்த மீன். மீனைப் பத்தித் தனியா வரேன், அவசரப்படாதீங்க.

எங்க தலைமுறைக்கு சாத்தனூர்தான் கடற்கரை. நிஜமா! எங்க ஊருக்குக் கடல் கிடையாது. பாண்டிச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேல. சின்ன வயசுல அதெல்லாம் வெளிநாடு மாதிரி. ஸ்கூல் டூர்னா சாத்தனூர், கல்யாணம் ஆன புதுசுல மாப்பிள்ளை பொண்ணு சாத்தனூர், பெரியம்மா ஊர்லேர்ந்து வந்தா சாத்தனூர். கண்ணுக்கெட்டின வரைக்கும் தண்ணியைப் பாத்து வாயைப் பொளக்கறதுக்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம். பழைய சினிமாப் பாட்டுல நீரூற்றைச் சுத்தி ஹீரோவும் ஹீரோயினும் ஓடுவாங்களே, அந்த மாதிரி ஷூட்டிங் எல்லாம் இங்க நடக்கும். அதைப் பாக்கறதுக்குன்னே சைக்கிள் மிதிச்சுப் போனவங்க எங்க தெருவுலயே உண்டு.

இதுக்கெல்லாம் மூலம் மைசூர். மிர்ஸா இஸ்மாயில் திவானா இருந்தப்ப கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழ பிருந்தாவன் தோட்டத்தைப் போட்டாங்க. கலர் லைட்டு, ஆடற தண்ணி. தென்னிந்தியாவே சொக்கிப்போச்சு. அதுக்கப்புறம் அணைன்னு ஒண்ணு கட்டினா கீழ ஒரு பூங்கா இருந்தே ஆகணும்ங்கற மாதிரி ஆயிடுச்சு. மேட்டூர்ல பூங்கா, வைகையில பூங்கா, எங்க சாத்தனூர்லயும் பூங்கா.

அப்புறம் என்ன ஆச்சு?

பெருசா ஒண்ணும் ஆகல. அதுதான் ஆச்சு. கலர் லைட்டுல தண்ணி ஆடறது 1965ல அதிசயம். இப்ப காதுகுத்து மண்டபத்து வாசல்லயே ஆடுது. சினிமாக்காரங்க ஊட்டிக்குப் போனாங்க, அப்புறம் சுவிட்சர்லாந்துக்கே போயிட்டாங்க. வீட்டுக்கு வீடு கார் வந்துச்சு, சனி ஞாயிறுன்னா வண்டி தானா பாண்டிச்சேரி பக்கம் திரும்புது. சாத்தனூர் இருந்த இடத்துலயே இருந்துச்சு. பெயின்ட் மங்கிச்சு. வார நாள்ல போனா, மரத்தடியில ரெண்டு ஜோடி, குரங்கு நாலு. (ஜோடிங்க பாக்கு போட்டுத் துப்பாது, குப்பை போடாது. அந்த வகையில ரொம்ப நல்ல சுற்றுலாப் பயணிகள்.)

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம்.

அக்கா பையன் இன்ஜினியரிங் முடிச்சவன். எல்லாத்துக்கும் போன்லயே தீர்வு வெச்சிருப்பான். "சித்தி, சிம்பிள். ஒரு கண்ணாடிப் பாலம் போடணும். டேம் மேலேர்ந்து அந்த மலைக்கு. ரீல்ஸ்லயே பிச்சுக்கும்."

கண்ணாடிப் பாலம்! 2024 டிசம்பர் 30ஆம் தேதி கன்னியாகுமரியில திறந்தாலும் திறந்தாங்க, தமிழ்நாட்டுல எந்த ஊரைப் பத்திப் பேசினாலும் எவனாவது ஒருத்தன் கண்ணாடிப் பாலம்ங்கறான். 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபாய். அழகாத்தான் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அங்க அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. விவேகானந்தர் பாறைக்குப் போற படகு, கடல் உள்வாங்கினாலோ கொந்தளிச்சாலோ திருவள்ளுவர் சிலைக்குப் போக முடியாது. பக்கத்துல நின்னுகிட்டு எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வரணும். பல வருஷமா இருந்த தொல்லை, பாலம் போட்டுத் தீத்தாங்க. சாத்தனூர்ல யார் எங்க போக முடியாம நிக்கறாங்க? அந்த மலைக்குப் போய் என்னடா பண்ணப்போற?

"அங்க ஒரு வியூ பாயின்ட் வெப்போம் சித்தி."

இங்க நின்னாலே வியூதான்டா!

எனக்குப் புதுசா கட்டறதுன்னாலே ஒரு பயம். பூம்புகார் போயிருக்கீங்களா? 1973ல கலைஞர் ஆசை ஆசையா சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டினார். ஏழு நிலை மாடம். சங்கு மாதிரியும் சிப்பி மாதிரியும் தங்கறதுக்கு வீடுங்க. கடற்கரையில அந்த மாதிரி ஒரு கற்பனை அந்தக் காலத்துல வேற எங்கயும் கிடையாது. அப்புறம் உப்புக்காத்து அடிச்சுது, 2004ல சுனாமி வந்துச்சு, நாளாக நாளாக சங்கும் சிப்பியும் பாழாகிப் போச்சு. சமீபத்துல இருபது கோடிக்கு மேல ஒதுக்கிப் புதுப்பிக்கற வேலை நடந்துச்சு. சந்தோஷம். ஆனா அம்பது வருஷத்துக்கு ஒருதரம் மொத்தமா கோடியில செலவு பண்றதை விட, மாசா மாசம் ஒரு பெயின்ட் டப்பா வாங்கியிருந்தா மலிவா முடிஞ்சிருக்குமோன்னு குடும்பம் நடத்தறவளுக்குத் தோணத்தானே செய்யும்?

மாமா அதுக்குள்ள தன்னோட தீர்ப்பைச் சொல்லிட்டார். "பிரைவேட் கிட்ட விட்ரு. ரிசார்ட் கட்டுவான், பளபளன்னு வெச்சிருப்பான்." பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. பளபளன்னு வெச்சிருப்பான், சரி. உள்ள போக ஐந்நூறு ரூபா கேப்பான். தானிப்பாடியிலேர்ந்து அஞ்சு பேரோட வர்ற குடும்பம் கேட்டுக்கு வெளிய நின்னு பளபளப்பைப் பாக்கணுமா?

இந்தச் சண்டை நடுவுல, என்கூடப் படிச்ச ஒருத்தி இங்கிலாந்துல கெண்ட் பக்கம் இருக்கா, அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிட்டேன். "உங்க ஊர்ல பழைய கடற்கரை ஊருங்க எல்லாம் செத்துப் பொழைச்சுதாமே, எப்படி?"ன்னு. அவ எட்டு நிமிஷத்துக்குப் பதில் அனுப்பினா. (எப்பவும் அப்படித்தான். ஸ்கூல்ல அரைப்பக்கக் கட்டுரைக்கு அடிஷனல் ஷீட் வாங்கின ஆளு.)

அவ சொன்னது மார்கேட்டுன்னு ஒரு ஊர். லண்டன்காரங்க ரயிலேறிக் கடல் காத்து வாங்க வர்ற இடமா இருந்துச்சு. ஸ்பெயினுக்கு மலிவு விமானம் விட ஆரம்பிச்சாங்க, ஜனங்க வெயில் அடிக்கற பக்கம் பறந்துட்டாங்க. ஊர் காலி. டிரீம்லேண்டுன்னு இருந்த பெரிய பொழுதுபோக்குப் பூங்காவை 2003ல மூடினாங்க. அப்புறம் 2011ல, அந்த ஊர் வானத்தை விரும்பி வரைஞ்ச ஓவியர் டர்னர் பேர்ல ஒரு கலைக்கூடம் திறந்தாங்க. ஓவியருங்க, இளவட்டங்க எல்லாம் லண்டன்லேர்ந்து குடிவந்தாங்க, காபிக்கடை வந்துச்சு, 2015ல பூங்காவும் மறுபடி திறந்துச்சு. ஊர் பொழைச்சுது.

"ஆனா வீட்டு வாடகை ஏறிப்போய் உள்ளூர் ஆளுங்க புலம்பறாங்கடி"ன்னு கடைசியில ஒரு வரி சொன்னா பாருங்க. எட்டு நிமிஷத்துல எனக்கு வேண்டிய வரி அதுதான்.

ஏன்னா இந்தக் கதையை நாங்க இங்க ஏற்கெனவே பாத்துகிட்டு இருக்கோம். திருவண்ணாமலை நலிஞ்ச ஊர் இல்லையே! 2024 ஆகஸ்ட்ல மாநகராட்சியே ஆயிடுச்சு. அதே வருஷம் மே மாசம் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன்லேர்ந்து வேலூர் வரைக்கும் வந்துகிட்டிருந்த ரயிலை இங்க வரைக்கும் நீட்டினாங்க, டிக்கெட் அம்பது ரூபா. ஆந்திரா, தெலங்கானாவுலேர்ந்து வர்ற கூட்டம் சொல்லி முடியாது. எங்க தெரு டீக்கடைக்காரர் இப்ப சரளமா தெலுங்கு பேசறார். கிரிவலப்பாதை ஓரம், ஆசிரமம் பக்கம் வீட்டு வாடகை என்னன்னு கேட்டுப் பாருங்க, மயக்கம் வரும். மார்கேட்டுக்கு ஓவியருங்க வந்தாங்க, எங்களுக்கு அண்ணாமலையாரே இருக்கார். கூட்டம் வர்றது எங்களுக்குப் பிரச்சனையே கிடையாது.

அதனாலதான் எல்லாரும் ஒரு கணக்குப் போடறாங்க. மாமாவும் போட்டார். "இவ்வளவு கூட்டம் வருது, அதுல நூத்துக்கு ஒருத்தன் சாத்தனூர் பக்கம் திரும்பினாப் போதுமே?"

பேப்பரை எடுத்தேன். ஒரு பௌர்ணமிக்கு அஞ்சு லட்சம் பேர்னு வெச்சுக்குவோம். நூத்துக்கு ஒருத்தர்னா ஐயாயிரம் பேர். ஒரே நாள்ல, ஒரே ரோட்டுல, ஐயாயிரம் பேர்! சாத்தனூர் முழி பிதுங்கிடும். மறுநாள் முழுக்க பிளாஸ்டிக் பொறுக்கணும். அடுத்த பௌர்ணமி வரைக்கும் மறுபடியும் நாலு குரங்குதான். இது பொழைப்பு இல்ல.

மாமா ஒண்ணும் சொல்லல. அஞ்சாவது தோசை கேட்டார்.

இப்ப மீன்.

பூங்கா வாசல் பக்கம் கடைங்க வரிசையா இருக்கும். கட்லா, ரோகு, ஜிலேபின்னு அணை மீனை வெட்டி, கீறல் போட்டு, செக்கச்செவேல்னு மசாலா தடவித் தட்டுல அடுக்கி வெச்சிருப்பாங்க. நீங்க விரலை நீட்டிக் காட்டணும், அவங்க கல்லுல போடுவாங்க. மேல நறுக்கின வெங்காயம், எலுமிச்சம்பழம். ஜிலேபியில முள்ளு ஜாஸ்தி, பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும். ஆனா ருசி அதுலதான். பூங்கா மங்கின காலத்துலயும் ஜனங்க இந்தப் பக்கம் வந்தாங்கன்னா அதுக்கு அந்தக் கல்லுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ணுவேன்.

இதுல ஒரு கூத்து இருக்கு. நல்லா கவனிங்க.

அணையில தண்ணி நிறையறது எப்போ? ஐப்பசி, கார்த்திகை. திருவண்ணாமலையில கூட்டம் உச்சத்துக்குப் போறது எப்போ? கார்த்திகை தீபம். ஆஹா, பொருத்தம் பிரமாதம்னு எந்த ஆபீசரும் பைல்ல எழுதிடுவார். ஆனா கார்த்திகையில தமிழ்நாட்டு ஆம்பளைங்கள்ல முக்காவாசிப் பேர் கழுத்துல ஐயப்பன் மாலை! தீபத்துக்கு வர்றவங்க விரதம். கிரிவலம் சுத்திட்டு வந்து யாராவது மீன் வறுவல் கேப்பாங்களா? சிவ சிவா. அணை ததும்பி நிக்கும், கல்லு ஆறிக் கிடக்கும்.

அப்ப எது நிஜ சீசன்? தை. மாலையைக் கழட்டியாச்சு. அறுவடை முடிஞ்சு கையில நாலு காசு இருக்கு. வெயில் இன்னும் ஏறல. அணையிலயும் தண்ணி நிக்குது. காணும் பொங்கல் அன்னிக்கு ஒருதரம் சாத்தனூர் போய்ப் பாருங்க, அப்புறம் இது செத்த இடம்னு சொல்லுங்க! டிராக்டர்ல வர்றாங்க, மினி லாரியில வர்றாங்க. செங்கம், தண்டராம்பட்டு, அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து ஜனம் மொத்தமும் அங்கதான். தூக்குவாளியில புளிசாதம், பக்கத்துல பொட்டலத்துல மீன். அவங்களுக்குக் கண்ணாடிப் பாலமும் வேணாம், லேசர் ஷோவும் வேணாம். உக்கார நிழல் வேணும். பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேணும். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப பஸ் வேணும்.

எனக்குப் பொறி தட்டினது இங்கதான். இந்த இடத்தை யாருக்காக மீட்கணும்ங்கறதை முதல்ல சொல்லுங்க. சுற்றுலாப் பயணிக்காகன்னா ஒரு பட்டியல் வரும்: பாலம், ஜிப்லைன், ரிசார்ட். உள்ளூர் ஜனத்துக்காகன்னா வேற பட்டியல் வரும்: பஸ், பாத்ரூம், நிழல். ரெண்டாவது பட்டியல் ரொம்ப மலிவு. அதனாலதான் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டேங்கறாங்களோ என்னமோ.

உள்ளூர் ஆள் நிக்கற இடத்துலதான் வெளியூர் ஆளும் வந்து நிப்பான். பாண்டிச்சேரியைப் பாருங்க. கடற்கரை ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிங்களை நிறுத்திடறாங்க. மறுநாள் காலை ஏழரை வரைக்கும் நடக்கறவங்களுக்கு மட்டும்தான். தாத்தாங்க வாக்கிங், குழந்தைங்க சைக்கிள், காதலர்கள் பாறை மேல. அந்த ஊர்க்காரங்க அவங்க பாட்டுக்கு காத்து வாங்கிகிட்டிருக்காங்க, அதைப் பாக்கத்தான் நாம பெட்ரோல் போட்டுகிட்டுப் போறோம்! அதுக்கு ஆன செலவு என்ன? ரோட்டுக்குக் குறுக்க வெக்கற தடுப்புங்க.

அக்கா பையன் விடல. "அப்ப இங்கிலாந்துல எதுவுமே சரியில்லையா சித்தி?" இருக்கே. பிளாக்பூல்னு ஒரு கடற்கரை ஊர். கோடை முடிஞ்சு குளிர ஆரம்பிச்சதும் எந்தக் கடற்கரையும் காத்தாடுமில்ல? அவங்க கடலோரம் முழுக்க விளக்கு போட்டு சீசனை இழுத்துப் பிடிக்கறாங்க. ஆரம்பிச்சது 1879ல! தனக்குன்னு ஒரு சீசனை வெச்சுகிட்டு, வருஷா வருஷம் தவறாம செய்யறது, அதுல எனக்கு மரியாதை உண்டு. (மத்தபடி விளக்கு விஷயத்துல திருவண்ணாமலைக்காரிக்குப் பிளாக்பூல் பாடம் எடுக்க வேண்டியதில்ல. எங்க விளக்கு 2,668 அடி மலை மேல எரியுது.) சாத்தனூருக்கு அந்த மாதிரி தை, மாசின்னு ரெண்டு மாசத்தைப் பிடிக்கணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தெருக்கூத்து வைக்கலாம். எங்க மாவட்டத்துல இல்லாத கூத்துக்காரங்களா? ராத்திரி முழுக்க வேணாம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். வைங்க, கூட்டம் வருதான்னு பாப்போம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், அதையும் சொல்லிடறேன். அணை, மதகு, கால்வாய் எல்லாம் நீர்வளத்துறை. (2021ல பொதுப்பணித்துறையிலேர்ந்து தனியாப் பிரிச்சாங்க.) முதலைங்க வனத்துறை. மீனுக்கு மீன்வளர்ச்சிக் கழகம். ரோடு நெடுஞ்சாலைத்துறை. படம் போட்ட கையேடு சுற்றுலாத்துறை. அஞ்சு பேரும் அவங்கவங்க வேலையைப் பண்றாங்கன்னே வெச்சுக்குவோம். ஊஞ்சல் சங்கிலி அறுந்தா யாரைக் கேக்கறது?

அணை இன்ஜினியர் மேல எனக்குக் கோபமே வராது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலையில, பெஞ்சல் புயல் மழையில, நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணியைத் திறந்துவிட வேண்டி வந்துச்சு. கீழ விழுப்புரம், கடலூர் வரைக்கும் வெள்ளம். அதுக்கு முந்தின நாள்தான் எங்க மலையில மண் சரிஞ்சு குழந்தைங்களோட சேத்து ஏழு உசிரு போச்சு. அந்த வாரத்தை எங்க ஊர்ல யாரும் மறக்க மாட்டோம். அப்படி ஒரு பொறுப்பு தலையில இருக்கற ஆளு கிட்டப் போய், சார் சறுக்கு மரத்துக்குப் பெயின்ட் அடிங்கன்னா நியாயமா? நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம் அந்தத் தண்ணியில. எங்க ஊர்க் குடிதண்ணியும் அங்கேர்ந்துதான் வருது. (மாமா கால் வெச்சிருந்த வாளித் தண்ணி உட்பட. சொன்னேன். சட்டுனு காலை எடுத்தார்.) படகு வேணும், ரிசார்ட் வேணும்னு கேக்கறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும். குடிக்கற தண்ணி கரையில ரூம் கட்டினா, அந்த ரூம் கழிவு எங்க போகும்?

அப்ப யார் பாத்துக்கறது? இங்கதான் மாமாவை மடக்கினேன்.

"மாமா, நீங்க போன வருஷம் பரளிக்காடு போய்ட்டு வந்து போட்டோவா அனுப்பினீங்களே, அது யார் நடத்தறது?"

முழிச்சார். காரமடைக்கு மேல, பில்லூர் அணைத் தண்ணியில பரிசல் பயணம். வனத்துறையும் அங்க இருக்கற பழங்குடி ஜனங்களும் சேந்து நடத்தறாங்க. முன்கூட்டியே பதிவு பண்ணணும், சனி ஞாயிறுதான் கூட்டிட்டுப் போவாங்க, ஆள் கணக்கு உண்டு. பரிசல் ஓட்டறது ஊர்க்காரங்க, மதியச் சாப்பாடு அந்த ஊர்ப் பெண்கள் சமைக்கறது. ராகிக் களி உருண்டையைப் பத்தி மாமா ஒரு வாரம் பேசினார். அங்க கண்ணாடிப் பாலம் இருந்துச்சா மாமா? இல்ல. ரிசார்ட்? இல்ல. பிரைவேட்? அதுவும் இல்ல. ஆனா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அக்காவைப் பிராண்டி எடுத்தீங்களே!

அதே மாதிரி இங்கயும் மீன் கடைக்காரங்க, பக்கத்து ஊராட்சி, ஒரே ஒரு பொறுப்பு அதிகாரின்னு ஒரு குழு போட்டு, நுழைவுக் கட்டணத்துல வர்ற காசை அங்கயே செலவு பண்ண விட்டா என்ன? சங்கிலி அறுந்தா அன்னிக்கே மாத்தலாம். முதலைப் பண்ணைக்கும் கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணலாம். 1970கள்ல நாட்டுல முதலை இனமே அழிஞ்சுடுமோன்னு பயந்து வளக்க ஆரம்பிச்ச திட்டம் அது. இப்ப நூத்துக்கணக்குல வெயில் காஞ்சுகிட்டுப் படுத்திருக்கு. வளத்தது போதும்ங்கற அளவுக்கு ஜெயிச்ச திட்டம்! அந்தக் கதையைப் பசங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் போடுங்க. பசங்க கல்லெறியறது தானா நிக்கும். வாயைப் பொளந்துகிட்டு அசையாம கிடக்கற முதலையைப் பொம்மைன்னு நெனச்சுத்தான் பாதிப் பேர் எறியறான்.

கழிப்பறை பத்தி ஒரே ஒரு விஷயம். ஒரு அணைப் பூங்காவுல (எந்த மாவட்டம்னு சொல்ல மாட்டேன்) பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்துச்சு. சாவி யார்கிட்டன்னு கேட்டா, பெரிய அதிகாரி வரும்போதுதான் திறப்பாங்களாம். அப்ப எங்க வீட்டுல மூணு பொம்பளைங்க, ஒரு சின்னப் பொண்ணு. எந்த ஊர் சுற்றுலா வளர்ச்சித் திட்டமா இருந்தாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி இதுதான்: சாவி யார்கிட்ட?

மாமா மறுநாள் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி, "போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போலாமா?"ன்னு அக்காகிட்ட கேட்டாராம். கோயம்புத்தூர் ரோடு எங்க, சாத்தனூர் எங்கன்னு அக்கா திட்டினாளாம். தை மாசம் வரேன்னு சொல்லியிருக்கார். மீனுக்குத்தான் வர்றார், எனக்குத் தெரியும்.

நான் ஒரு மனு எழுதிட்டேன். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை திங்கக்கிழமை குறைதீர்வு நாள் நடக்குது இல்லையா, அங்க கொடுக்கப்போறேன். கேட்டிருக்கறது மூணே மூணு. தை, மாசி ஞாயித்துக்கிழமைகள்ல பஸ் ஸ்டாண்டுலேர்ந்து சாத்தனூருக்கு நேரடி பஸ், சாயங்காலம் திரும்பி வர்ற நேரம் எழுதிப் போட்ட பலகையோட. பூட்டு இல்லாத, தண்ணி வர்ற பெண்கள் கழிப்பறை. பூங்கா பூரா நிழல் தர்ற மரம், புங்கனோ வேம்போ. கண்ணாடிப் பாலம் கேக்கல.

திருவண்ணாமலை, தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்துக்காரங்க யார் யார் கூட வந்து கையெழுத்து போடறீங்க? கீழ சொல்லுங்க. காலையில பத்து மணிக்குள்ள வரணும், டோக்கன் வாங்கணும்.